குதிரைமேல் பாட்டு

எம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) ஆகிய கௌபாய் படங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு கேலியோடுதான் தொடங்கும். துப்பாக்கி ஏந்திய வீரன் இடையிடையே பாடுவது தமிழ்த் திரைக்கே உரிய பொருந்தாச் சேர்க்கை என்பது அது. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் படங்களை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பு. ஆனால் கௌபாயைப் பாடவைத்தது ஹாலிவுட். அதுவும் நாற்பதாண்டுகளுக்கு முன்னர்.

1933இல் வெளியான 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' என்னும் சிறுமுதலீட்டுப் படத்தில் ஜான் வெய்ன் பாடும் கௌபாயாகத் தோன்றினார். பாடியதோ வேறொருவர் குரல். வெய்னுக்கு ஒட்டாத அவ்வேடம், வானொலிப் பாடகராகப் பெயர்பெற்ற ஜீன் ஆட்ரிக்குப் பொருந்தியது. 1935இல் தோன்றிய ரிபப்ளிக் நிறுவனம் 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' தொடங்கி அவரை நாயகனாக்கி வரிசையாகப் படம் எடுத்தது. கணக்கு எளிது: நூறு குதிரைகளை ஓடவிடுவதைவிட, ஒரு கிதாரோடு நாயகனைத் தீயருகே அமர்த்துவது மலிவு. வானொலி ஈட்டித்தந்த புகழுக்குத் தனி விளம்பரச் செலவும் இல்லை.

தமிழில் இக்கணக்கு தலைகீழானது. 'பக்த நந்தனார்' (1935) படத்தில் நடிக்கக் கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் தரப்பட்டது. பின்னணிப் பாடல் வழக்கத்துக்கு வராத அந்நாளில் நடிப்பவரே பாடியாக வேண்டும். ஆகவே ஒரு படத்தின் விலையுயர்ந்த பொருள் குரல்தான். அத்தகைய குரலை வாங்க இயலாத தயாரிப்பாளருக்கு எஞ்சியது உடல்: தாவும், வாள் வீசும், குதிரையேறும் உடல். பம்பாயில் வாடியா சகோதரர்களின் 'ஹண்டர்வாலி' (1935) அதற்குச் சந்தை உண்டென்று காட்டியது. அதில் நாடியாவின் குதிரைக்கே 'பஞ்சாப் கா பேட்டா' என்று பெயர் சூட்டியிருந்தனர்!

அதே பம்பாயில் கே. அமர்நாத் இயக்கத்தில் உருவான தமிழ்ப் படம் 'மின்னல் கொடி' (1937). கொள்ளைக்காரியின் பெயரைத் தாங்கி, ஆணுடையில் குதிரையேறி வரும் நாயகியாக நடித்தவர் கே. டி. ருக்மணி. பாட்டரசிகள் கோலோச்சிய காலத்தில், சண்டை நாயகி என்றே அவர் பெயர் நிலைத்தது. ஆட்ரிக்குப் பாட்டு சிக்கனத்தின் வழி. ருக்மணிக்குச் சண்டையே சிக்கனத்தின் வழி. மலிவுப் படம் என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

1938இல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' பின்னணிக் குரலைப் பயன்படுத்தியது. பின்னர் அம்முறை பரவியபோது உடலும் குரலும் தனித்தனியே விலைபேசப்பட்டன. ஜெய்சங்கர் குதிரையேறினால் போதும், பாடவேண்டியதில்லை. ஒளிப்பதிவாளராகவும் இருந்த கர்ணனின் படங்களில் பாட்டு இடம்பெற்றதற்கு லியோனியிடமோ ஆட்ரியிடமோ காரணம் தேட வேண்டியதில்லை. அவ்விலைமாற்றமே போதிய விளக்கம்.

முப்பதுகளின் தமிழ்ப் படச்சுருள்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஆய்வாளர் கைக்கு எட்டுவன பெரும்பாலும் கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். அவற்றில் கதைச்சுருக்கம் உண்டு, பாடல்கள் உண்டு. ருக்மணி குதிரையில் ஏறிய விதத்தைச் சொல்லும் பக்கம் இல்லை.