கடமை யாருடையது, விளைவு யார் தலையில்?

ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் பின்னால் நிற்கும் கடமையை வைத்தே முடிவுசெய்ய வேண்டும் என்றார் இம்மானுவேல் கான்ட். அச்செயலால் மனிதருக்கு விளையும் நன்மை தீமைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார்கள் பெந்தாமும் மில்லும். மாணவத் தோழர்கள் இதைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். இந்த நினைவுப் பேருரையில் நாம் அதை 1932 செப்டம்பரில் வைத்துப் பார்க்கிறோம்.

கடமை என்ற சொல்லை நாம் எளிதில் நம்புவதில்லை. பலனைப் பாராமல் கடமையைச் செய்யச் சொல்லும் கீதையில், அந்தக் கடமை வருணத்தால் வகுக்கப்பட்டது. செத்த மாட்டைத் தூக்குவதும் சாவுக்குப் பறையடிப்பதும் ஊரார் பேச்சில் நம்முடைய 'கடமை'தான். இதற்குக் கான்ட்டைத் துணைக்கு அழைக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவிதியாக்க முடியாததை அவர் கடமையாக ஏற்கமாட்டார். பெந்தாமின் கணக்கிலும் அது தேறாது. அங்கே எந்தத் தலையும் ஒன்றுக்கு மேல் எண்ணப்படுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் 'இந்து மதத்தின் தத்துவம்' என்ற எழுத்தில் நீதி, பயன் என்ற இரு உரைகற்களையும் கையில் எடுத்தார். இரண்டிலும் சாதிமுறை தோற்பதைக் காட்டினார். அவர் வாழ்ந்தபோது அச்சேறாத அந்த எழுத்து, 1987இல் மகாராட்டிர அரசின் தொகுப்பில்தான் வெளிவந்தது.

1932 ஆகஸ்டில் பிரதமர் ராம்சே மக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு இரட்டை வாக்குரிமை தந்தது. தனித்தொகுதியில் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்க ஒரு வாக்கு, பொதுத்தொகுதியில் இன்னொரு வாக்கு. எரவாடா சிறையில் இருந்த காந்தியார் இதை எதிர்த்துச் செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். மனச்சாட்சியின் கட்டளை என்றார். காந்தியார் அறத்தின் பக்கம் நின்றார், அம்பேத்கர் இடங்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

காந்தியார் வருத்திக்கொண்டது தம் உடலைத்தான். ஆனால் அந்த உயிர் போயிருந்தால் அடி எங்கே விழுந்திருக்கும்? ஊரார் நிலத்தில் கூலிக்குப் போய், ஊருக்கு வெளியே காவலின்றிக் கிடந்த சேரிகளின் மேல் விழுந்திருக்கும். கடமை ஒருவருடையது, விளைவு வேறொருவர் தலையில். பின்விளைவைப் பற்றிய அச்சம்தான் அந்த உண்ணாவிரதத்துக்கு வலுவைத் தந்தது என்பது நம் கருத்து. மறுபுறம், 1945இல் வெளிவந்த நூலில் அம்பேத்கர் அந்த நாட்களை நினைவுகூர்கிறார். ஓர் உயிரைக் காக்கும் மனிதக் கடமையும், தம் மக்களின் உரிமையைக் காக்கும் பொறுப்பும் ஒருசேரத் தம் முன் நின்றதாகவும், மனிதாபிமானத்தின் அழைப்புக்குச் செவிசாய்த்ததாகவும் எழுதுகிறார். இடங்களை எண்ணியவர் என்று சொல்லப்படுபவர்தான் கடமைக்காக விட்டுக்கொடுத்தார்.

செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் நின்ற இரட்டைமலை சீனிவாசனும், அவ்வாண்டின் தொடக்கத்தில் மூஞ்சேயுடன் சேர்ந்து கூட்டுத்தொகுதியை ஆதரித்த எம்.சி. ராஜாவும் ஒரே தாளில் ஒப்பமிட்டார்கள். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் கிடைத்தன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. மொத்த இடங்கள் தீர்ப்பு தந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. விளைவைப் பார்ப்போர் இதை ஆதாயம் என்பார்கள். ஆனால் எதை எண்ணுவது? நம் வாக்காளர்கள் முதற்கட்டத் தேர்தலில் நால்வரைத் தேர்ந்தெடுக்க, அவர்களில் ஒருவரைப் பொதுவாக்காளர் எல்லோரும் சேர்ந்து தேர்வார்கள். சேரி முதலிடம் தந்தவர் ஊர் வாக்கில் தோற்கலாம். நாற்காலி கூடியது, அதில் அமர்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிவிட்டது. இரண்டாவது வாக்கை விலைமதிப்பற்ற ஆயுதமாக அம்பேத்கர் கருதியது இதனால்தான்.

நால்வரைத் தேரும் அந்த முதற்கட்டமும் அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. பின்னாளில் ஊராட்சிகளுக்கு இடஒதுக்கீடு வந்தபோது, மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் ஆதிக்கச் சாதியினர் தலித் தலைவர் பொறுப்பில் அமரவிடவில்லை. தேர்தலே நடக்காமல் போனது ஒரு வழி. தம் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தலித் ஒருவரை நிறுத்தி, வெல்ல வைத்து, உடனே பதவி விலகல் கடிதம் வாங்கிக்கொண்டது இன்னொரு வழி. வேட்புமனு, வாக்குப்பதிவு, முடிவு அறிவிப்பு என்று சட்டம் இட்ட கடமைகள் எல்லாம் அந்தத் தேர்தல்களில் முறையாகவே நிறைவேறின.