நடுக்கடலில் ஒரு கேஷ் கவுன்டர்

1920இல் லண்டன் ஜாயின்ட் சிட்டி அண்ட் மிட்லண்ட் வங்கி ஒரு புதுக் கிளையைத் திறந்தது. பின்னாளில் மிட்லண்ட் வங்கி என்று பெயரைச் சுருக்கிக்கொண்ட அதே வங்கிதான். கிளை இருந்த இடம் குனார்ட் கம்பெனியின் அக்விடானியா கப்பல். சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே கப்பல் போகும்போது கிளையும் கூடவே போகும். மாரிட்டேனியாவிலும் பெரங்கேரியாவிலும் இதேபோலக் கிளைகள் வந்தன.

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இந்தச் செய்தியைப் படித்ததும் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது: ஏன் 1920? அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பிருந்தே அட்லாண்டிக்கில் பயணிகள் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தனவே!

அதுவரை கப்பலின் பணப் பொறுப்பாளரான பர்சர் போதும் என்றிருந்தது. பயணிகளின் நகையும் பணமும் அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கும். பவுண்டைக் கொடுத்து டாலர் வாங்குவதும் அவரிடம்தான். தங்கத்தோடு கட்டிப்போட்ட காலம் அது, ஒரு பவுண்டுக்குச் சுமார் 4.86 டாலர். தாத்தா காலத்திலும் பேரன் காலத்திலும் அதே விலை. நேர்மையும் கூட்டல் கழித்தலும் தெரிந்த ஆள் இருந்தால் வேலை நடந்துவிடும்.

வசதியுள்ளவர்கள் தங்கள் வங்கியிடமிருந்து லெட்டர் ஆஃப் கிரெடிட் என்ற, வெளியூர் வங்கியில் காட்டிப் பணம் பெறும் கடிதத்தை வாங்கிச் செல்வார்கள். அது பெரிய நகரங்களில்தான் செல்லும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பாவுக்குப் போய், சிற்றூர்களில் அதை வைத்துக்கொண்டு காசு வாங்க முடியாமல் திண்டாடினார். அவருடைய கோபத்தில் பிறந்ததுதான் 1891இல் வந்த டிராவலர்ஸ் செக். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது நம் கண்ணெதிரே இன்னொன்று. பாதுகாப்பு முழுதும் அந்த இரண்டாவது கையெழுத்தில் இருக்கிறது. கவுன்டருக்கு வருமுன்பே அதையும் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களிடம் எத்தனை முறை மன்றாடியிருப்பேன்!

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. ஐரோப்பாவில் இருந்த ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களின் கையில் இருந்த இத்தகைய கடிதங்களையும் செக்குகளையும் வங்கிகள் வாங்க மறுத்தன. மாளிகை வைத்திருந்தவர்கூட ஓட்டல் பில் கட்ட முடியாமல் நின்றார். லண்டனில் இருந்த ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவர், அவர்களுக்குக் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார். அமெரிக்க அரசு டென்னசி என்ற போர்க்கப்பலில் தங்கத்தை ஏற்றி அனுப்பியது. சொந்தக் குடிமக்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ப்பதற்காக ஒரு போர்க்கப்பல் கடல் கடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

போர் முடிந்து 1919 மார்ச்சில் பவுண்டைத் தாங்கிப் பிடித்திருந்த கையைப் பிரிட்டன் எடுத்தது. 1920 பிப்ரவரியில் அது 3.40 டாலருக்கும் கீழே போய்விட்டது. என் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. விலை ஓடத் தொடங்கிய பிறகு பர்சரின் கூட்டல் கழித்தல் போதாது. இன்றைய ரேட் என்ன, எவ்வளவு கழிவு வைத்தால் நஷ்டமில்லை என்று தெரிந்த, அதற்குப் பொறுப்பேற்கிற வங்கிக்காரர் வேண்டும். அன்றன்றைய ரேட்டை நடுக்கடலில் தெரிந்துகொள்ளக் கம்பியில்லாத் தந்தியும் அப்போது கப்பலில் இருந்தது.

டிக்கெட்டிலேயே சாப்பாடும் படுக்கையும் அடங்கிய பயணத்தில் கைக்காசு எதற்கு? முக்கியமாக, கடைசி நாள் இனாமுக்கு. கேபின் பணியாளர், சாப்பாட்டு மேசைப் பணியாளர் என்று ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் சம்பளம் சொற்பம், குடும்பம் இந்த இனாமை நம்பியிருந்தது. அதைக் கொடுக்காமல் இறங்குவது பெரிய தலைகுனிவு.

இன்னொரு செலவு பந்தயம். ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை கப்பல் எத்தனை மைல் ஓடும் என்று எண்களை ஏலம் விடுவார்கள். சரியான எண்ணை வைத்திருப்பவருக்குப் பெருந்தொகை, ஒரு பங்கு மாலுமிகள் நல நிதிக்கு. இரவில் புயல் வந்து வேகம் குறைந்தால் குறைந்த எண்காரருக்கு அதிர்ஷ்டம். கைக்காசு பெருக ஒரு வழி என்று இதில் இறங்கி, இருந்ததையும் விட்டவர்களே அதிகம். சீட்டாட்டம் இதைவிட மோசம். தொழில்முறைச் சூதாடிகள் முதல் வகுப்பில் கனவான்களாக வந்ததால், எச்சரிக்கை அறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்தது.

ஆனாலும் கடலில் காசில்லாமல் நின்றவர்களில் பெரும்பாலோரைச் செலவாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களைத் தவிக்கவிட்டவை போரும், ஓடும் ரேட்டும், அரசாங்க உத்தரவும்தான். 1966இல் பிரிட்டனின் வில்சன் அரசு, வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆளுக்கு 50 பவுண்டு மட்டும் என்றது. பிரிட்டிஷ் கப்பலுக்குள் செய்யும் செலவு அந்தக் கணக்கில் சேராது. அதனால் உல்லாசக் கப்பல் பயணத்துக்கு அங்கே மவுசு கூடியது.

நம் நாட்டில் அப்போது கட்டுப்பாடு இதைவிடக் கடுமை. அறுபதுகளில் வெளிநாடு கிளம்பியவருக்கு அனுமதித்தது மூன்று பவுண்டு. என் பெரியப்பா பம்பாயில் இத்தாலியக் கப்பலேறி மேல்படிப்புக்குப் போனார். டிக்கெட்டுக்கு ரூபாயில் கட்டியாகிவிட்டது, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஏடனில் எல்லோரும் கடைத்தெருவுக்கு இறங்கினார்கள், அவர் மேல்தளத்திலேயே இருந்துவிட்டார். அந்த மூன்று பவுண்டிலும் பத்து ஷில்லிங்கைக் கேபின் பையனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன் என்று வீட்டுக்கு எழுதியிருந்தார். அந்நியச் செலாவணி மேசையில் மாணவர்களின் விண்ணப்பம் வரும்போதெல்லாம் அந்தப் பத்து ஷில்லிங் என் நினைவுக்கு வரும். அவர்களில் ஒருவரையும் காக்க வைக்க எனக்கு மனம் துணிந்ததில்லை.

1958 அக்டோபரில் அட்லாண்டிக்குக்கு மேலே ஜெட் விமானச் சேவை தொடங்கியது. பல நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. குயின் மேரி 1967இலும் குயின் எலிசபெத் 1968இலும் ஓட்டத்தை நிறுத்தின. அவற்றில் இருந்த மிட்லண்ட் கவுன்டர்களும் அத்தோடு மூடப்பட்டன. மிட்லண்டையே 1992இல் எச்.எஸ்.பி.சி. வாங்கிவிட்டது. இன்றைய கப்பல்களில் எல்லாச் செலவும் அறைக் கணக்கில் ஏறுகிறது. ரொக்கம் வேண்டுமென்றால் கழிவு பிடித்துக்கொண்டு கொடுக்கும் இயந்திரம் இருக்கிறது. போர் மூண்ட மறுநாள் அதன் முன் நிற்பவருக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கவலை.