பேரேடும் விக்கியும்: இணையதளங்கள் இணைந்த வரலாறு

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் எந்தச் செய்தியையும் முதலில் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்கிறார்கள். விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மற்ற மொழிகளின் பட்டியலில் ‘தமிழ்’ என்று ஒரு சொல் இருக்கும். அதைத் தொட்டால் அதே பொருளைப் பற்றிய தமிழ்ப் பக்கம் வந்துவிடும். அந்த ஒரு சொல் அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அடியேன் கணினி படித்தவன் அல்லன். நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம். கடை மூடிய பிறகு சமண நூல்களைத் தேடிப் படிப்பது பழக்கம். அந்தத் தேடலில் கைக்கு வந்த வரலாறு இது.

1995 மார்ச் 25-ஆம் நாள் அமெரிக்கரான வார்ட் கன்னிங்காம் ஒரு தளத்தை வெளியிட்டார். படிக்க வருகிறவரே பக்கத்தைத் திருத்தலாம் என்பது அதன் புதுமை. ‘விக்கி’ என்றால் ஹவாய் மொழியில் ‘விரைவு’. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடும் பேருந்தின் பெயரிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். அந்த நிரலைப் பார்த்துப் பீட்டர் மெரல் ஒன்று செய்தார். அதிலிருந்து மார்க்கஸ் டெங்கர் ஒன்று. அதிலிருந்து கிளிஃபோர்ட் ஆடம்ஸ் ‘யூஸ்மாட்விக்கி’ என்று ஒன்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து, திருத்தி, மறுபடி எல்லோருக்கும் கொடுப்பதுதான் திறமூல மென்பொருள் வழக்கம். ஏடு பெயர்த்து எழுதிக் கொடுப்பதைச் சாத்திர தானம் என்று போற்றிய மரபில் வந்தவனுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

கன்னிங்காமின் தளத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விடாமல், ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதினால், அதுவே இன்னொரு பக்கத்துக்கு இணைப்பாகிவிடும். நம் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? அந்த முறை நமக்கு உதவியிராது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் எந்தச் சொல்லை எழுதினாலும் இணைப்பாகும் என்ற வசதி 2001-இல் யூஸ்மாட்விக்கியில் வந்தது. நமக்கு வழி திறந்தது அங்கேதான் என்பது என் கருத்து.

அதே மென்பொருளில் இன்னொரு சின்ன ஏற்பாடும் இருந்தது. நண்பர்கள் நடத்தும் மற்ற விக்கித் தளங்களின் பெயர்களும் முகவரிகளும் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் இருக்கும். தளத்தின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பக்கத்தின் பெயர் என்று எழுதினால் போதும், முழு முகவரியை மென்பொருள் போட்டுக்கொள்ளும். தளம் இடம் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் ஆயிற்று. தனித்தனியாக ஆளுக்கொரு கடை விரித்திருந்தவர்கள் ஒரே தெருக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

2001 ஜனவரி 15-இல் விக்கிப்பீடியா தொடங்கியது யூஸ்மாட்விக்கியின் மேல்தான். கூட்டம் பெருகியதும் பழைய நிரல் தாங்கவில்லை. மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் எழுதிய புதிய நிரலுக்கு 2002 ஜனவரியில் மாறினார்கள். அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் கிராக்கர் திரும்ப எழுதியது வந்தது. அதற்கே பின்னால் மீடியாவிக்கி என்று பெயர். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை நின்று வளர்த்தவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தவர், அமீரகத்தில் பணிசெய்துகொண்டே எழுதினார். 2015-ஆம் ஆண்டின் இயல் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஊரைவிட்டு வந்து பிழைக்கும் நமக்கு அவர் கதை நன்றாகவே புரியும்.

இனி மொழி இணைப்புக்கு வருவோம். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தனி விக்கிப்பீடியா. ஆங்கிலப் பக்கத்தின் அடியில் தமிழ்த் தலைப்பை ஒரு வரியாக எழுத வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலத் தலைப்பை எழுத வேண்டும். இரண்டு மொழி என்றால் சரி. நான்கு மொழி என்றால் பக்கத்துக்கு மூன்று வரி, ஆக 12. நூறு மொழி என்றால் 9,900 வரி! கிளைக்கடை ஒவ்வொன்றும் மற்ற எல்லாக் கிளைகளின் பாக்கியையும் தன் சிட்டையில் எழுதிவைத்தால் என்ன பாடோ அந்தப் பாடு. மனிதரால் முடியாமல் தானியங்கி நிரல்களை விட்டார்கள். அவை பக்கம் பக்கமாகப் போய், ஒரு மொழியில் கண்ட இணைப்பை மற்ற மொழிகளில் சேர்த்தன. நல்ல வேலைதான். ஆனால் ஒரு மொழியில் விழுந்த தப்பும் அதே வேகத்தில் எல்லா மொழிக்கும் போய்விடும். ஒரு கணக்குப்பிள்ளை தப்பாகப் போட்ட தொகையைப் பார்த்து இருபது கணக்குப்பிள்ளைகள் எழுதின மாதிரி.

இதற்குத் தீர்வு, வியாபாரி எவரும் சொல்லக்கூடியதுதான்: பொதுவாக ஒரே பேரேடு. பெர்லினில் உள்ள ஜெர்மன் விக்கிமீடியா அமைப்பு அதை உருவாக்கி, 2012 அக்டோபர் 29-இல் விக்கித்தரவு என்ற பெயரில் திறந்தது. உலகத்துப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கணக்கு, ஒரு எண். தமிழ் மொழிக்கு கியூ 5885. ஒவ்வொரு மொழியும் தன் பக்கத்தின் தலைப்பை அந்தக் கணக்கில் ஒரே ஒரு தடவை பதிந்தால் போதும். 9,900 வரிக்குப் பதில் நூறு வரி! 2013 ஜனவரி 14-இல் ஹங்கேரி மொழி விக்கிப்பீடியா முதலில் இதற்கு மாறியது, ஆங்கிலம் பிப்ரவரியில், மார்ச் 6-க்குள் தமிழ் உட்பட எல்லாமே மாறின. பக்கங்களின் அடியில் கிடந்த வரிகள் படிப்படியாக நீக்கப்பட்டன.

பேரேடு வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. எந்தத் தலைப்பை எந்தக் கணக்கில் பதிவது என்பது இன்னமும் மனிதர் அறிவைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்த துறையிலிருந்தே சொல்கிறேன். ‘சமணம்’ என்ற சொல் ‘சிரமணம்’ என்பதன் வழி வந்தது. பழைய வடமொழி, பாகத வழக்கில் சிரமணர் என்றால் சமணர், பௌத்தர், ஆசீவகர் எல்லோருக்கும் பொது. தமிழில் இன்று சமணம் என்றால் ஜைன சமயம் மட்டுமே. ஒலியைப் பார்த்து யாராவது நம் ‘சமணம்’ பக்கத்தைச் சிரமணக் கணக்கில் பதிந்தால், ஜைன சமயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கும் பேரப்பிள்ளைக்குத் தமிழ்ப் பக்கம் இருப்பதே தெரியாமல் போகும். சோதித்துப் பார்க்கிற நிரலுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். தமிழ் படித்த நம் வீட்டுப் பெரியவருக்கு உடனே தெரியும்.

இணைப்பே இல்லாத தமிழ்ப் பக்கத்தில் அதைச் சேர்க்கும் வழி உண்டு. மற்ற மொழியையும் அதன் தலைப்பையும் கொடுத்தால் சில நொடியில் முடிந்துவிடும். யார் எப்போது சேர்த்தார், யார் மாற்றினார் என்பதெல்லாம் வரலாற்றுப் பகுதியில் நாளோடு நேரத்தோடு பதிவாகிறது. தப்பாகப் போய்விட்டால் முந்தைய நிலைக்குத் திருப்பலாம். கடையில் ஓய்வாக இருக்கும் மத்தியான வேளையில் நான் இப்படிச் சிலவற்றைச் சேர்த்து வருகிறேன். சங்கத்து அன்பர்கள் யாருக்காவது கற்றுக்கொள்ள விருப்பம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித்தரத் தயார்.