தோட்டத்துத் தப்பும் வானொலிப் பெட்டியும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே தப்பு என்னும் தோற்கருவிக்கு இரட்டை வாழ்வு இருந்தது. விடியற்காலையிலே தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது அது. ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்தார் நாவிலே ‘பிரட்டு’ ஆயிற்று என்பர். மாசி மாதத்துக் காமன் கூத்திலே ரதியையும் மன்மதனையும் ஆட்டுவித்ததும் அதே தப்புத்தான். அதிகாரத்தின் குரலும் ஆனந்தத்தின் குரலும் ஒரே தோலிலிருந்து எழுந்தன. வானொலி இம்மலைகளுக்கு வந்தபோது, அதனோடு ஒப்பிடத்தக்க உயிருள்ள இசையாக லயத்து மக்களின் செவியிலே நிலைத்திருந்தது இத்தப்பின் ஓசையே.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அட்டன் அதனிலும் தாழ்ந்தது எனினும், மூடுபனிக்குக் குறைவில்லை. ஈரக்காற்றிலே தோல் தளரும். தளர்ந்த தோலின் நாதம் மந்தமாகும். ஆதலால் தப்படிப்போர் நெருப்பு மூட்டிக் கருவியைக் காய்ச்சி முறுக்கேற்றிக் கொள்வர். கூத்து இரவெல்லாம் நீளுமாயின் இடையிடையேயும் நெருப்பை நாடுவர். ஒரே இரவிலே நாதம் தாழ்வதும், தீயின் சூட்டிலே மீண்டும் நிமிர்வதும் அக்கூத்தின் இயல்பாகவே அமைந்துவிட்டன.

கொழும்பிலே தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பரிலே முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. அடுத்துவந்த ஆண்டுகளிலே வர்த்தக சேவையின் வழியே எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் பழகியது. அன்றைய பெட்டிகள் வால்வினால் இயங்கின. கண்ணாடிக் குழாயினுள்ளே சூடேறிய இழையிலிருந்து இலத்திரன்கள் பாய்ந்தாலன்றி ஒலி பிறவாது. அதற்குச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். மின்சாரமும் வேண்டும், இல்லையேல் கனத்த மின்கலங்கள் வேண்டும். ஆகவே அப்பெட்டி துரையின் பங்களாவிலும் உத்தியோகத்தர் விடுதியிலும் வீற்றிருந்தது. 1950இலே லக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. மலைநீரே மின்சாரமாக மாறிய பின்னரும் லயங்களிலே மிகப் பல நெடுங்காலம் குப்பி விளக்கையே நம்பியிருந்தன. இந்த முரண்பாட்டை எளிதாகக் கடந்து செல்ல இயலாது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே 1947 டிசம்பரில் பிறந்த டிரான்சிஸ்டர் இந்நிலையை மாற்றிற்று. 1954இல் கைப்பெட்டியாக அங்கே விற்பனைக்கு வந்தது. சில சிறு மின்கலங்களே அதற்குப் போதும். காம்பிராவின் கூரைக்கம்பிலே தொங்கவும், தோளிலே மாட்டிச் செல்லவும் ஏற்ற கருவி அது.

எது உயிருள்ள இசைக்கு அண்மையானது? வால்வின் ஒலியே இனியது என்று சாதிப்போர் உளர். அதற்கு ஆதாரமும் உண்டு. வால்வு சேர்க்கும் திரிபிலே மூலச் சுரத்தின் இரட்டை அதிர்வு பெரும்பாலும் முந்தி நிற்கும். அது மேல்தாயியின் அதே சுரமாதலால் செவி அதனைப் பகையாகக் கொள்ளாது. தொடக்ககால டிரான்சிஸ்டர் பெட்டிகளிலோ, அலையின் இரு பாதிகளும் சந்திக்கும் இடத்திலே ஒரு சிறு முறிவு நேர்ந்தது. அதனால் மெல்லிய ஓசையிலும் கரகரப்புத் தோன்றிற்று. எனினும் குற்றம் முழுவதும் டிரான்சிஸ்டருடையதன்று. உள்ளங்கை அகலமுமில்லாத ஒலிபெருக்கி மிருதங்கத்தின் தொப்பி நாதத்தை எவ்வாறு தரும்? மத்திய அலை ஒலிபரப்போ உச்ச அதிர்வுகளை முன்னரே கத்தரித்துவிடும். பின்னாளிலே செம்மையாக அமைக்கப்பட்ட டிரான்சிஸ்டர் பெருக்கிகளின் திரிபு வால்வினதைவிட மிகக் குறைந்தது. ஆகவே வால்வின் பெருமை இனிமையைப் பற்றியது, மெய்ம்மையைப் பற்றியதன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு.

தப்போ இரண்டுக்கும் அகப்படாதது. குச்சி தோலைத் தொடும் கணத்திலே எழும் ஓசையின் உச்சம், ஒரு வாட்டுக்கும் குறைந்த ஆற்றலுடைய கைப்பெட்டியிலே தலை வெட்டுண்டு போகும். வால்வுப் பெட்டி அவ்வுச்சியை மழுக்கிக் காட்டும். எதிர்மலையிலே பட்டுத் திரும்பும் எதிரொலிக்கும் இவற்றிலே இடமில்லை.

ஆயினும் லயத்து மக்கள் டிரான்சிஸ்டரைக் கொண்டாடியதிலே வியப்பில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டவர்கள் அவர்கள். 1964 அக்டோபரிலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தம் தலைவிதியைப் பற்றிய செய்தியைத் தம் மொழியிலே, துரையின் தயவின்றி, தம் காம்பிராவிலிருந்தே கேட்க வழி செய்த கருவியிடம் யார் நாத நயம் பார்ப்பர்?

கப்பலேறியவர்களிலே கூத்தாடியோரும் தப்படித்தோரும் இருந்தனர். ஆட்கள் குறைந்த தோட்டங்களிலே கூத்து மெலிந்தது. நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை ஏட்டிலே திரட்டி வைத்தார். தாளத்தை ஏட்டிலே திரட்டுதல் அரிது. இன்றும் மாசியிலே மலையகத் தோட்டங்கள் பலவற்றிலே காமன் எரிகிறான். ஆடுவோருக்கு அருகே, நெருப்பை வளைத்து நின்று சிலர் தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.