அம்புக்குறி இல்லாத காடு: பிள்ளைகள் விளையாடும் திறந்த உலகங்களின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

பெற்றோர் கூட்டம் வைத்தால் இப்போதெல்லாம் முதல் முறைப்பாடு இதுதான்: "பிள்ளை எந்த நேரமும் போனில் கேம்." என்ன கேம் என்று திருப்பிக் கேட்டால், "அதுதான் சேர், ஓடி ஓடிச் சுடுறது" என்பார்கள். ஃப்ரீ ஃபயர், மைன்கிராஃப்ட், ஜீ.டி.ஏ. எல்லாமே பெரியவர்களான எங்களுக்கு ஒன்றுதான். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அதில் ஒரு வகையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். ஓபன் வேர்ல்ட், அதாவது திறந்த உலக விளையாட்டு. ஒரு பெரிய ஊரையோ தீவையோ கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் போ, எதையும் முதலில் செய் என்று விட்டுவிடும் விளையாட்டு.

இதை உருவாக்குபவர்களிடையே நாற்பது வருடமாக ஒரு வழக்கு நடக்கிறது. உலகத்தை எவ்வளவு சிக்கலாக வைப்பது? புதிதாக வருபவருக்கு எவ்வளவு வழி காட்டுவது? வெளிநாட்டில் இது ரசிகர்களின் சண்டை. ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் எங்கள் பிள்ளைகளுக்கோ, உள்ளே போகலாமா வாசலிலேயே நிற்பதா என்ற கேள்வி.

1984 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், டேவிட் பிரேபனும் இயன் பெல்லும், 'எலீட்' என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டார்கள். அது ஓடிய பீ.பீ.சீ. மைக்ரோ கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்று வட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம் அதைவிடப் பெரியது. அந்த 32 கிலோபைட்டுக்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். ஒன்றில் வாங்கி மற்றொன்றில் விற்று, கொள்ளையருக்குத் தப்பி, விரும்பியபடி வாழலாம். ஆனால் பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் வருவது ஒரு பயிற்சிக் கைநூலும் ஒரு குறுநாவலும். வாசிக்காமல் உட்கார்ந்தால் கப்பலை நிலையத்துக்குள் நிறுத்தவே முடியாது, மோதிச் சிதறும். உலகம் பெரிது, வாசல் சின்னது.

இரண்டு வருடம் கழித்து, 1986 இல், ஜப்பானின் நின்டெண்டோ 'த லெஜண்ட் ஒஃப் செல்டா'வைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகில் உள்ள சொனோபே என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சின்ன வயதில் காடும் மலையுமாகத் திரிந்தவர், ஒருநாள் ஒரு குகையைக் கண்டுபிடித்து விளக்கோடு உள்ளே போனவர். அந்த உணர்வைத்தான் விளையாட்டில் வைக்க நினைத்தேன் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். முத்தையன்கட்டுப் பக்கம் காட்டுக்குள் பாலைப்பழம் பொறுக்கித் திரிந்த எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்தக் காலத்தில் இவையெல்லாம் எங்களை வந்தடையவில்லை. 1990 இற்குப் பிறகு வன்னியில் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்த வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தன. ஆகவே இந்த வரலாற்றின் நடுப்பகுதி நாங்கள் எவரும் வாழாத வரலாறு. பின்னால் வாசித்துத்தான் அறிந்துகொண்டோம்.

அந்த நடுப்பகுதியின் முக்கிய ஆட்கள் அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனத்தார். 1996 இல் அவர்கள் வெளியிட்ட 'டாகர்ஃபோல்' பிரித்தானியா அளவு பெரியது என்று விளம்பரப்படுத்தினார்கள். இலங்கையைப் போல் மூன்று மடங்கு! ஆனால் பெரும்பகுதி கணினி தானாகப் பெருக்கிய ஒரே மாதிரியான ஊர்கள். பெரிது என்பதும் ஆழம் என்பதும் ஒன்றல்ல என்று அவர்களே கண்டுகொண்டார்கள் போலும். அடுத்ததை மிகவும் சுருக்கி, கையால் இழைத்தார்கள். அதுதான் 2002 மே மாதம் வந்த 'மொறோவிண்ட்'. அதற்கு முந்தைய மாதம்தான் இங்கே சமாதானக் காலத்தில் ஏ-9 பாதை திறந்தது.

மொறோவிண்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வழக்கின் நடுவே நிற்பது அதுதான். அதில் எங்கே போக வேண்டும் என்று காட்ட அம்புக்குறி கிடையாது. ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டால், கிழக்கே போகிற பாதையைப் பிடி, பாலம் தாண்டு, பெரிய பாறை வரும், அதற்கு வடக்கே குகை என்ற மாதிரி எழுத்தில் சொல்வார். குறிப்பேட்டில் அது பதியும். பெட்டியில் வந்த காகித வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு தேட வேண்டும். சில இடங்களில் சொன்ன வழியே பிழை. வாளை வீசினால் எதிரியின் உடம்பில் படுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே உருளும் தாயக்கட்டை "படவில்லை" என்று சொல்லிவிடும். குறிப்பேடு தேதி வரிசையில் மட்டும் நீண்டதால் பழைய பணியைத் தேடி எடுப்பதே ஒரு வேலை. அந்த வருட இறுதியில் வந்த இணைப்புப் பொதியில்தான் அதைத் திருத்தினார்கள்.

பாதை தேடுவது உலகத்தின் சிக்கல். அதில் இன்பம் இருக்கிறது. குறிப்பேட்டைப் புரட்டுவது வாசலின் சிக்கல். அதில் ஒன்றும் இல்லை. எங்கள் பார்வையில், வெளிநாட்டு ரசிகர்கள் நாற்பது வருடமாகச் சண்டை பிடிப்பது இந்த இரண்டையும் ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டியதால்தான்.

2006 மார்ச்சில் வந்த 'ஒப்லிவியன்' சாக்கோடு தூக்கி எறிந்தது. திரையின் கீழே ஒரு திசைகாட்டி, அதில் போக வேண்டிய இடத்துக்கு ஒரு குறி. பெரிய நகரங்களுக்கு வரைபடத்தில் அழுத்தினால் உடனே போய்விடலாம். எழுத்தில் இருந்த உரையாடல் முழுவதும் குரலுக்கு மாறியது. குரலைப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால் பேச்சும் குறைந்தது. 2011 நவம்பர் 11 இல் 'ஸ்கைறிம்' வந்தபோது பலம், புத்தி என்று பிரித்துக் கணக்குப் பார்த்த அடிப்படை எண்களையே எடுத்துவிட்டார்கள். 2023 இல் நிறுவனம் சொன்ன கணக்குப்படி ஸ்கைறிம் 6 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. பழைய ரசிகர்கள் "குழந்தைப் பிள்ளை விளையாட்டாக்கிவிட்டார்கள்" என்று இன்றும் புலம்புகிறார்கள். ஆனால் அந்த 6 கோடியில் எத்தனை பேருக்கு மொறோவிண்ட்டின் கதவு திறந்திருக்கும் என்று அவர்கள் கேட்பதில்லை.

எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது இன்னொரு கிளை. ஸ்கொட்லாந்தில் உருவான ஜீ.டி.ஏ. மூன்றாம் பாகம் 2001 இல் ஒரு முழு நகரத்தையே திறந்துவிட்டது. அடுத்த வருடம் 'வைஸ் சிட்டி', 2004 இல் 'சான் அன்ட்றியாஸ்'. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கொம்பியூட்டர் கடைகளில் எங்கள் இளைஞர்கள் முதலில் விளையாடியது இந்தப் பழைய வைஸ் சிட்டிதான். (இவை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டுகள். தரம் 7 பிள்ளையின் போனில் இருக்கக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.) பிரெஞ்சு, ஜேர்மன் எழுத்துகள் அதில் இருந்தன, தமிழ் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் விளங்கியது. மூலையில் ஒரு வட்ட வரைபடம், அதில் ஒரு புள்ளி, இலக்கின் தலைக்கு மேலே ஓர் அம்பு. ஆங்கிலம் ஒரு சொல்லும் தேவையில்லை. மொழி தெரியாத பிள்ளைக்கு அந்த அம்பு ஒரு கருணை. அதை ஏளனம் செய்ய எங்களால் முடியாது. 2010 இல் ஊர் திரும்பியபோது மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத்தானே வளவுக்கும் வயலுக்கும் நடந்தோம்? யாரோ குறி வைத்துத் தருவது சில வேளை உயிர்.

ஆனாலும் அம்பு எதையோ எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. தரம் 9 பையன் ஒருவனிடம், நீ மாதக்கணக்காக விளையாடும் நகரத்தில் கடற்கரையிலிருந்து விமான நிலையத்துக்கு எப்படிப் போவாய் என்று கேட்டோம். "கோடு காட்டும் சேர், அதில போவன்" என்றான். கோட்டை எடுத்துவிட்டால்? தெரியாது. (அந்தக் கோடு 2008 இல் வந்த நான்காம் பாகத்தின் ஏற்பாடு. சான் அன்ட்றியாஸ் வரை அது கிடையாது.) சரி, பாடசாலையிலிருந்து குளத்துக்கு வழி சொல் என்றோம். சந்தி, மதகு, பட்டுப்போன பாலை, வாய்க்கால் ஓரம், குளக்கட்டு என்று மூச்சு விடாமல் சொன்னான். மொறோவிண்ட் ஊர்க்காரர் சொல்வது போலவே! இரண்டும் ஒரே பிள்ளையின் தலைதான். ஒரு உலகம் அவனைப் பார்க்க வைத்தது, மற்றது பார்க்கத் தேவையில்லை என்றது.

இந்த வழக்கில் நல்ல தீர்ப்பு வந்தது 2017 மார்ச்சில், பழைய செல்டாவின் வாரிசான 'பிறெத் ஒஃப் த வைல்ட்' மூலம் என்பது எங்கள் எண்ணம். இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி, தனக்குப் பழக்கமான கியோட்டோவின் வரைபடத்தை விளையாட்டு உலகின் மேல் போட்டு, நடக்க எவ்வளவு தூரம் என்று கணித்தார். மலைகளை முக்கோண வடிவில் அமைத்தார்கள். முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறுவதா சுற்றிப் போவதா என்று நாமே தீர்மானிக்க வேண்டும். ஏறினால் அப்பால் ஒரு கோபுரமோ புகையோ தெரியும், கால் தானாக அங்கே போகும். கதையின் முக்கிய இடங்களுக்குக் குறி உண்டு. மீதியை நாமே உயரத்திலிருந்து பார்த்து, நாமே குறி குத்திக்கொள்ள வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மலையும் புகையும் விளங்கும். வாசலை அகலமாக்கி, உலகத்தை அப்படியே விட்டார்கள்.

2022 பெப்ரவரியில் வந்த 'எல்டன் றிங்' இன்னும் பிடிவாதமானது. செய்ய வேண்டிய பணிகளின் பட்டியலே இல்லை. ஓய்விடங்களிலிருந்து மெல்லிய ஓர் ஒளிக்கீற்று திசை காட்டும், அவ்வளவுதான். நல்ல விலை உயர்ந்த கணினி வேண்டும் என்பதால் எங்கள் பிள்ளைகள் இதை யூடியூப்பில் பார்ப்பதோடு சரி. ஆனால் அதை உருவாக்கிய ஹிதெடாகா மியாசாகியின் கதை எங்களுக்கு நெருக்கமானது. வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளை. புத்தகம் வாங்கக் காசில்லாமல் நூலகத்தில் இரவல் வாங்கி வாசித்தவர். அதில் வயதுக்கு மீறிய ஆங்கிலக் கற்பனைக் கதைகளும் உண்டு. பாதி விளங்காது. விளங்காத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டார். பெரியவரானதும் அந்த அரைகுறை விளக்கத்தையே தன் விளையாட்டின் முறையாக்கினார். ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு முழிக்கும் பிள்ளைகளைக் கொண்ட நாங்கள் இந்தக் கதையை வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறோம்.

ஆனால் விளங்காததெல்லாம் கற்பனையை வளர்க்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. சில கதவுகள் கைக்கும் கண்ணுக்கும் எட்டாதவை. போரில் உறுப்பிழந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கையாலும் பத்துப் பொத்தான்களை அழுத்தினால்தான் விளையாடலாம் என்பது உலகத்தின் ஆழம் அல்ல. 2018 இல் மைக்ரோசொஃப்ட் 'எக்ஸ்பொக்ஸ் அடப்டிவ் கொன்றோலர்' என்ற கருவியை விற்கத் தொடங்கியது. பெரிய இரண்டு பொத்தான்கள், பின்னால் காலாலோ முழங்கையாலோ இயக்கும் துணைப் பொத்தான்களைச் செருக வரிசையாகத் துளைகள். 2021 இல் வந்த 'ஃபோர்சா ஹொரைசன் 5' என்ற திறந்த உலகக் கார் விளையாட்டில், தனியாக ஓடும்போது உலகத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். கதைக் காட்சிகளுக்குச் சைகை மொழியும் பிறகு சேர்த்தார்கள். இதனால் அந்த விளையாட்டில் ஒரு வளைவு கூடக் குறையவில்லை.

மொழிக் கதவில் தமிழ் மெதுவாகத்தான் தட்டுகிறது. மைன்கிராஃப்ட்டின் கணினிக்கான ஜாவா பதிப்பில் மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழும் இருக்கும். தொண்டர்கள் சொல் சொல்லாக மொழிபெயர்த்தது. பல பிள்ளைகளுக்கு இது தெரியாது, இன்று காட்டிக் கொடுங்கள். 2023 இல் கனடாவின் டொரொண்டோவிலிருந்து வந்த 'வெண்பா', 1988 இல் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. அடுத்த வருடம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதும் பெற்றது. அது திறந்த உலகம் அல்ல, சின்ன விளையாட்டு. ஆனால் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் இருக்கும். விட்டுப்போன படியை இட்லிப் பாத்திரத்தைப் பார்த்தே நாம் ஊகிக்க வேண்டும். இட்லி அவித்த வீட்டுப் பிள்ளைக்கு அதில் அம்பு தேவைப்படாது.

இப்போது எங்கள் தகவல் தொழில்நுட்பப் பிள்ளைகள் சிலர் கணக்குக் கொப்பியின் கட்டத்தாளில் ஒரு விளையாட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒட்டுசுட்டான் சந்தி, கற்சிலைமடு, முத்தையன்கட்டுக் குளம், நடுவே காடு. வரைந்து முடியவில்லை, சண்டை தொடங்கிவிட்டது. பையன்கள் அம்புக்குறி வேண்டும் என்கிறார்கள், இல்லாவிட்டால் யாரும் விளையாட மாட்டார்களாம். இரண்டு பிள்ளைகள், சந்தியில் ஒரு மூத்தம்மாவை இருத்தி, கேட்டால் அவர் தமிழில் குரலில் வழி சொல்லட்டும், எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லட்டும் என்கிறார்கள். யாருடைய மூத்தம்மாவின் குரல் என்பதில் போன வெள்ளிக்கிழமை அடுத்த சண்டை. குரல் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் பாடசாலைப் பக்கம் வந்து போங்கள்.