திரும்பி வராத குடலும் போகாத வலியும்

ஹெர்னியா கேட்பதற்கு எளிய சங்கதி. வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓரிடம். அதன் வழியே குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குகிறது, ஆண்களுக்குப் பெரும்பாலும் தொடை இடுக்கில். உள்ளே தள்ளித் தைத்துவிட்டால் போதாதா? போதவில்லை. தைத்த இடம் விட்டுப்போய், குடல் திரும்ப இறங்கியது. இடைக்கால ஐரோப்பாவில் சிகிச்சை என்ற பேரில் விதையையும் சேர்த்தே அறுத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆம்புவாஸ் பாரே அதை எதிர்க்கவேண்டி வந்தது.

திருப்பம் இத்தாலியில் நடந்தது. எதோர்தோ பசினி 1867இல் கரிபால்டியின் பக்கம் நின்று போரிட்டு, அடிவயிற்றில் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துப்பட்டுப் பிழைத்தவர். பின்னாளில் பதுவா பல்கலைக்கழகத்தில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர். அவர் ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை, பலவீனமான சுவரையே அடுக்கடுக்காகக் கட்டி எழுப்பினார். கூடவே இன்னொன்றும் செய்தார்: சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கணக்கு வைத்தார். 1890இல் அவர் வெளியிட்ட 262 அறுவைகளில் மிகச் சிலருக்கே குடலிறக்கம் திரும்பியது.

அதன்பின் எல்லோரும் அந்த ஒரே எண்ணைத்தான் துரத்தினார்கள். தசையை இழுத்துத் தைத்தால் தையல் பிய்யும் என்பதால், 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் இர்விங் லிக்டென்ஸ்டைன், இழுக்காமலே வலையை விரித்துத் தைத்தார். 1989இல் அவர் குழு 1,000 பேரின் முடிவுகளை வெளியிட்டது: ஒருவருக்கும் திரும்பவில்லை.

ஜெயித்தாச்சு என்றுதான் தோன்றும். ஆனால் அந்த எண் சொல்லாத ஒன்று இருந்தது, வலி. அந்த இடத்தில் மூன்று நரம்புகள் ஓடுகின்றன. தையலிலோ தழும்பிலோ வலையிலோ ஒன்று சிக்கினாலும் வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். பத்தில் ஒருவருக்கு இப்படி நீடித்த வலி வருவதாக இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நீர்கோத்தல், கிருமித்தொற்று, அரிதாக விதைக்கு ரத்தம் குறைந்து அது சுருங்குதல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. என் சித்தப்பா சொல்வார்: "ஆபரேஷன் சக்ஸஸ்தான்டா. ஆனா பைக்ல உக்காந்தா சுள்ளுனு இழுக்குது." பழைய கணக்கில் அவர் வெற்றிதான்.

சாஃப்ட்வேரிலும் இதைப் பார்க்கிறோம். டாஷ்போர்டில் எது இருக்கிறதோ அதுதான் சரியாகும்.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது: தொந்தரவு பெரிதாக இல்லாத ஆண்கள் அறுவையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. அப்படிச் சிக்கினால் அது உயிர் ஆபத்து, உடனே ஓடவேண்டும். மற்றபடி காத்திருப்பதும் ஒரு வழி. ஆனால் காத்திருந்தவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு இரண்டே ஆண்டுகளில் வலி கூடி அறுவைக்கு வந்தார்கள்.

ஆக, டாக்டரிடம் "திரும்ப வருமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "வலி எவ்வளவு பேருக்கு நிற்கிறது, அதை நீங்கள் கணக்கு வைக்கிறீர்களா?" என்றும் கேட்கவேண்டும்.