மூளைச்சலவைப் பீதியின் சரித்திரம்

1962-ஆம் ஆண்டில் ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' என்னும் படத்தில், கொரிய யுத்தத்தில் சிறைப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர், நியூ ஜெர்சியில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் அமர்ந்து பூச்செடி வளர்ப்பைக் குறித்த பிரசங்கத்தைக் கேட்பதாக எண்ணிக் கொட்டாவி விடுகிறார்கள். உண்மையில் அவர்களைச் சூழ்ந்திருப்பவர்கள் சீன, ரஷ்ய அதிகாரிகள். அவ்வதிகாரிகளின் முன்னிலையில், இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, ஒரு சிப்பாய் தன் தோழனையே சாவதானமாகக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான்.

2004-ல் ஜோனதன் டெம்மி, டென்சல் வாஷிங்டனைக் கொண்டு இதே கதையை மறுபடி எடுத்தபோது, கொரியா 1991-ஆம் வருஷத்து வளைகுடா யுத்தமாயிற்று. கம்யூனிஸ்டுகளின் ஸ்தானத்தில் ஒரு பெரிய வர்த்தக நிறுவனம் வந்து அமர்ந்தது. மனிதனின் சித்தத்தையே பிறர் களவாடிவிடலாம் என்ற பீதி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அந்தப் பீதிக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் எட்வர்டு ஹண்டர் என்ற பத்திரிகையாளர். 1950-லேயே மூளைச்சலவையைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிவிட்டார். 1953-ல் யுத்தம் ஓய்ந்ததும், 21 அமெரிக்கக் கைதிகள் தாயகம் திரும்ப மறுக்கவே, அமெரிக்க தேசமே திகைத்தது. அவர்களைப் பன்முன்ஜோமில் காவல் காத்தது நம் இந்தியப் படை என்பதையும், அவ்விவகாரத்தை நடத்திய நடுநிலை நாடுகளின் கமிஷனுக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா என்பதையும் நம்மவர் பலர் மறந்துவிட்டார்கள். அதே இந்தியக் காவலில், கம்யூனிஸ்டு நாடுகளுக்குத் திரும்ப மறுத்த சீனரும் வட கொரியரும் 22,000-க்கு மேல் இருந்தார்கள். அவர்களைச் சுதந்திரப் பிரியர்கள் என்று போற்றிய அமெரிக்காவுக்கு, தன் பிள்ளைகள் 21 பேர் மறுத்ததற்கு மட்டும் மாயாஜாலமே காரணமாகத் தோன்றியது. அந்த 21 பேரில் மூவர் கறுப்பர். தாய்நாட்டில் தாம் பட்ட நிறவெறிக் கொடுமையை அவர்களில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்.

கிருமி யுத்தம் நடத்தியதாகச் சீனச் சிறையில் வாக்குமூலம் அளித்த விமானிகளின் விஷயமும் இத்தகையதே. உறக்கமின்மை, தனிமை, குளிர், பசி, மணிக்கணக்காக நிற்கவைத்தல் ஆகிய புராதனக் கொடுமைகளைத் தவிர வேறு ரகசிய சாஸ்திரம் எதுவும் அங்கே இல்லை என்பதை, கைதிகளை ஆராய்ந்த அமெரிக்க நிபுணர்களே சில ஆண்டுகளில் கண்டு சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, பகைவரிடம் இருப்பதாக நம்பிய அந்த வித்தையைத் தானும் அடையவேண்டும் என்று அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ. 1953-ல் 'எம்கே அல்ட்ரா' திட்டத்தைத் தொடங்கி, விஷயமறியாத மக்களுக்கு எல்.எஸ்.டி. என்ற மருந்தைக் கொடுத்துப் பரீட்சித்தது. அதன் தஸ்தாவேஜுகளில் பெரும்பகுதியை 1973-ல் அழித்தும்விட்டது.

சிறைக்கொடுமையை மந்திர வித்தையாகக் காட்டும் இவ்விரு படங்களும், என் கருத்தில், கொடுமை செய்தவனின் குற்றத்தையும் அதை அனுபவித்தவனின் வேதனையையும் ஒருங்கே மறைத்துவிடுகின்றன. பொய் வாக்குமூலம் பெறச் சீனர் கையாண்ட முறைகளை ஆல்பர்ட் பைடர்மன் என்ற ஆராய்ச்சியாளர் 1957-ல் ஓர் அட்டவணையாக வெளியிட்டார். 2002-ல், குவாண்டனாமோ சிறையில் அமெரிக்க விசாரணை அதிகாரிகளுக்கு அளித்த பயிற்சியில் அதே அட்டவணை பாடமாக வைக்கப்பட்டது.